கருகிய பாதையில் தழைக்கல்

1. முதல் நாள்

காட்டுத்தீ அணைந்து சில மழைகள் பெய்த பிறகு, மலையிலிருந்து அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கும் நடைபாதையைத் திறந்தார்கள். பாதையைக் காக்கும் வனத்துறை வாட்சராக என்னை நிறுத்தினார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. நடக்கச் சொன்னால் நாளெல்லாம் நடப்பேன். ரேஞ்சர் கொடுத்ததோ பேசுகிற வேலை.

"எரிஞ்ச மரத்துல வர்ற தளிர்ல யாரும் கை வைக்கக்கூடாது. பறிச்சாங்கன்னு தெரிஞ்சா பாதையத் திரும்ப மூடிருவேன்" என்றார்.

மூடினால் மலைக்காரர்கள் சுமையோடு செம்மேடு போய், பஸ் ஏறி, காரவள்ளி வழியாகச் சுற்றித்தான் சந்தைக்குப் போக வேண்டும். பறிக்க விட்டாலும் ஆபத்துதான். தளிர் இருந்தால்தான் வேர் பிழைக்கும். வேர் பிழைத்தால்தான் சரிவில் மண் நிற்கும். மண் நின்றால்தான் பாதை.

எரிந்த மரம் செத்துவிட்டது என்றுதான் நினைப்போம். மேலே வெறும் கரிக்கட்டை. ஆனால் அடியில் வேர் உயிரோடு இருக்கும். அங்கிருந்து சிவப்பாகத் தளிர் கிளம்பும். எத்தனையோ வருடம் இந்த மலையில் நடந்தவன் நான். சாம்பலுக்கு நடுவில் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

2. சந்தை நாள்

இறக்கம் செங்குத்தாகும் இடத்தில் தழைக்கல் என்று ஒரு கல் உண்டு. மலைக்காரர்களுக்கு அது சாமி. கடந்து போகிறவர்கள் பக்கத்தில் ஒரு கொத்துத் தழை ஒடித்து அதன்மேல் போடுவார்கள். போட்டால் கால் நோகாது என்று நம்பிக்கை. ட்ரெக்கிங் வருகிற பிள்ளைகளும் பார்த்துவிட்டுப் போடுவார்கள். காடு பச்சையாக இருந்தவரை அதனால் ஒன்றும் குறையவில்லை. இப்போது கல்லைச் சுற்றி உயிரோடு இருந்தது, பக்கத்துக் கரிக்கட்டையின் அடியில் கிளம்பிய தளிர் மட்டும்தான்.

சந்தைக்குப் போகும் கூட்டம் வந்தது. முன்னால் வந்த பெரியவர் குனிந்து தளிரில் கை வைத்தார். வேண்டாமுங்க என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரேஞ்சர் சொன்னதையும் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"சாமிக்குத் தழை போட ஆபீசுல கேட்டுட்டு வரோணுமா கண்ணு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கை தளிரிலேயே இருந்தது.

கூட்டத்தில் சின்னப்பொண்ணு இருந்தாள். தீயில் அவள் மிளகுக்கொடி முழுக்கப் போய்விட்டது. மிஞ்சிய மரவள்ளிக்கிழங்கைத்தான் சுமந்து வந்திருந்தாள். மூட்டையை இறக்கிவிட்டு, கரி படிந்த கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, சாமியே வெந்து கெடக்குது. வெந்த உடம்புக்குத் தழையப் போட்டா எரிச்சல் அடங்குமா? தண்ணி ஊத்துங்க."

தன் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து தளிரின் அடிக்குப் போயிற்று. பெரியவர் கையை எடுத்தார்.

"மொத்தத்தையும் ஊத்திராத, எனக்கும் தாகம் எடுக்குமுல்ல" என்று பாட்டிலை வாங்கி, அவரும் கொஞ்சம் ஊற்றினார். பின்னால் வந்தவர்களும் ஊற்றினார்கள். சின்னப்பொண்ணு அதற்குள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துவிட்டாள்.

ரேஞ்சர் பாதையை மூடவில்லை. தளிர் இப்போது என் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கும்பிட வந்த கையை நான் தடுக்கப் பார்த்தேன். அவள் அந்தக் கைக்கு வேறு வேலை கொடுத்தாள். அந்தப் பக்குவம் எனக்கு இன்றும் வரவில்லை. அதனால் சந்தை நாளில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரை வைத்துவிட்டு, தள்ளி நின்றுகொள்கிறேன்.