திரும்புவம் என்றார் விமானி

வாப்பா மௌத்தாகிவிட்டார் என்ற மரணச் செய்தி காலை ஏழு மணிக்குக் கொழும்பில் இருந்த எனக்கு வந்தது. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கல்முனையில் ஜனாஸா நல்லடக்கம். தரைவழியாகப் போனால் முகம் பார்க்க முடியாது. சிறிய தனியார் விமானமொன்றை வாடகைக்குப் பிடித்தேன்.

இறங்க வேண்டிய அம்பாறையை நெருங்கியபோது மழைமூட்டம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

"கீழ ஒண்டும் தெரியல்ல. திரும்புவம்," என்றார் விமானி.

"இவ்வளவு தூரம் வந்திட்டமே. வாப்பாட முகத்த ஒருக்காப் பாக்கணும். எப்பிடியாவது இறக்குங்க," என்று கெஞ்சினேன்.

அவர் தயங்கித் தயங்கித் தாழப் பறந்தார். திடீரென்று தென்னை மரங்கள் கண்ணெதிரே தெரிந்தன. அவற்றிலிருந்து விலகிய விமானம் நாவிதன்வெளி வயல் சேற்றில் மோதிக் கவிழ்ந்தது.

வயலில் நின்ற விவசாயி ஒருவர் ஓடிவந்து எங்களை இழுத்தெடுத்தார். எனக்குச் சிராய்ப்புதான். விமானியின் இரண்டு கால்களும் முறிந்திருந்தன. வாப்பாவின் ஜனாஸா விஷயத்தைக் கேட்ட விவசாயி, "நீங்க போங்க தம்பி, இவரோட நான் நிக்கிறன்," என்றார்.

போனேன். வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதிகாரி ஒருவர் விமானியை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் திரும்பல்ல?"

விமானி என்னைப் பார்த்தார். "பிழை என்மேலதான் சேர். இறக்கலாமெண்டு நினைச்சன்," என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "இல்ல சேர், அவர் திரும்புவமெண்டுதான் சொன்னவர். நான்தான் விடல்ல," என்றேன்.

இப்போது அவர் கைத்தடி ஊன்றி நடக்கிறார். பறப்பதில்லை. பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அந்தக் காலையைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

பக்கத்தில் இருந்த மனிதனின் உயிர் அன்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு மழைமூட்டத்தைக் குறை சொல்ல என்னால் முடியாது.