திண்டிவனத்தில் இரண்டு நிமிடம்

சனிக்கோளின் சிறிய பனி நிலவு ஒன்றை ஒரு விண்கலம் நெருங்கிக் கடந்தது 2008 மார்ச் 12 அன்று. அது உலக நேரம். நம் கணக்கில் 13ஆம் தேதி, வியாழக்கிழமை பிறந்து அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நிலவின் தென்முனையில் நீராவி பீறிடுகிறது. தரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வரை கலம் நெருங்கும் என்று படித்திருந்தேன். நான் இருக்கும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே அவ்வளவு தொலைவுகூடக் கிடையாது. திண்டிவனத்தில் என் மூத்த மகள் இருந்தாள்.

அவள் வேறு சாதியில் மணம் செய்துகொண்டபோது பங்காளிகள் என்னை ஏரிக்கு அழைத்துப்போய்த் தலைமுழுக வைத்தார்கள். மகள் செத்துவிட்டாள் என்று பொருள். மீறிப் பேசினால் நல்லது கெட்டதற்கு யாரும் வரமாட்டார்கள். இளையவளுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலைக்காக நான் செங்கல்பட்டு போகும் பாசஞ்சர், திண்டிவனத்தில் இரண்டு நிமிடம் நிற்கும். எதிர் இருக்கையில் தினமும் என் பெரியப்பா மகன். அவரும் சீசன் டிக்கெட்.

அந்த வியாழன் காலை மகள் என் ஜன்னலுக்கே வந்துவிட்டாள். இடுப்பில் நான் பார்த்திராத பேத்தி.

"அப்பா, ஒரே ஒரு தரம் தொட்டுப் பாருப்பா."

கைக்குழந்தை கம்பியைப் பிடித்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இன்னாடா, செத்தவங்க பேசுறது உனக்கு மட்டும் கேக்குதா?" என்றார் அண்ணன். "ஷட்டர இறக்குடா, ஜல்தி. தூசி வருது."

"பெரிப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க."

அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் ஷட்டரை இறக்கவில்லை. கையை நீட்டவும் இல்லை. ரயில் நகர்ந்தது. கம்பியிலிருந்து குழந்தையின் விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

"டைம் பாத்துக்கினே இருப்பா" என்றாள்.

அண்ணன் இரண்டு இட்லியை என் பக்கம் நகர்த்தினார். தின்றேன்.

சில நாள் கழித்து விண்கலச் செய்தி கிடைத்தது. மற்ற கருவிகள் வேலை செய்தனவாம். துகள்களை எண்ணவேண்டிய கருவி மட்டும், மிக நெருங்கிய அந்தச் சில நொடிகளில் எதையும் பதியவில்லை. தினமும் ரயில் நேரம் குறித்துவைக்கும் என் நோட்டை எடுத்து அந்த வியாழனைப் பார்த்தேன். வந்தது 7.52, கிளம்பியது 7.54, மகளுக்குப் பச்சைப் புடவை, என் பெட்டி இன்ஜினிலிருந்து நான்காவது. குழந்தையின் முகம் பற்றி ஒரு வரி இல்லை. நினைவிலும் இல்லை.

அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, நான் ஏறுவதற்கு முன்பே அண்ணன் என் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். "உள்ள வா" என்று பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். போய் உட்கார்ந்தேன்.