தார் ரோட்டுக்கு ஆகாத சக்கரங்கள்

டயர் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. போக வேண்டிய இடம் ஒன்று மனசில் இருக்க, பாதி வழியில் காற்றுப் போனவர்கள்தான் வருவார்கள். வந்ததும் எங்களை ஒரு முறை முறைப்பார்கள், ஆணியை ரோட்டில் போட்டு வைத்ததே நாங்கள் என்பது போல. நீங்களும் என்றாவது ஒரு கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். ஆகவே உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

எங்கள் கடை பலாபத்வலயில், கண்டி–யாழ்ப்பாண வீதி ஓரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சந்திரனுக்கு வண்டி தூக்கும் ஜக்கும் கடப்பாரையும், எனக்கு நட்டும் போல்ட்டும். நான் கனவு கண்டுகொண்டே வேலை செய்கிறவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லி வைத்திருக்கிறார். பொய் இல்லை. காலையில் மலையிலிருந்து பனி இறங்கி, பக்கத்து மில்லில் மல்லியும் மிளகும் அரைபடும் வாசனையோடு கடைக்குள் நுழையும்போது விழித்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

வளையம் பூட்டிய சக்கரம்

பாரூக் நானா மாத்தளையில் மிளகு வியாபாரம் செய்கிறவர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள். அவருடைய ஒரே மகள் நஸ்ரினை, நாவுலைக்குக் கிழக்கே மலைக்கு மேலே உள்ள ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிள்ளை வயிற்றில். ஏழாம் மாதத்தில் தாய் வீட்டுக்குக் கூட்டி வருவதாகத்தான் இருந்தது. மழை முந்திக்கொண்டது. மலைப் பாதை பல இடங்களில் கழுவிப்போய், வேன், த்ரீவீலர் எதுவும் ஏற முடியாமல் ஆகிவிட்டது. அந்த நாட்களில்தான் நானா எங்கிருந்தோ ஒரு பழைய ஜீப்பை வாங்கி, அதற்கு நாலு பீட்லொக் சக்கரங்களையும் பூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

சாதாரணச் சக்கரத்தில் டயரின் ஓரத்தை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். பாறையிலும் சேற்றிலும் ஏற வேண்டுமானால் காற்றைக் குறைத்து டயரைத் தொளதொளவென்று ஆக்க வேண்டும். அதிகம் குறைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பீட்லொக்கில் அந்தப் பயம் இல்லை. வெளிப்பக்கம் ஒரு இரும்பு வளையம், சுற்றிவரச் சின்னச் சின்ன போல்ட்டுகள். டயரின் ஓரத்தை அந்த வளையம் நெரித்துப் பிடித்துக்கொள்ளும். அழகான சக்கரம். காட்டுக்கு விளையாடப் போகிற பெரிய வீட்டுப் பையன்கள்தான் இப்படிப் பூட்டுவார்கள், இந்த வயசில் இவருக்கு ஏன் இந்த ஆசை என்று நான் கொஞ்சம் கிண்டலாகக் கேட்டுவிட்டேன். நானா சிரிக்கவில்லை.

"எனக்கு மலையேற ஆச இல்ல தங்கச்சி. மகள் மேல ஈக்கிறாள், அவ்வளவுதான்."

டிக் என்று ஒரு சத்தம்

இந்தச் சக்கரம் பூட்டியவர்களுக்கு நிம்மதி கிடையாது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் சேற்றைக் கழுவி, வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, அத்தனை போல்ட்டையும் திரும்ப முறுக்க வேண்டும். அதையும் வரிசையாக முறுக்கக் கூடாது. ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே. கொஞ்சம் முறுக்கி, ஒரு சுற்று வந்து, மறுபடி கொஞ்சம். சந்திரனிடம் கொடுத்தால் பலத்தைக் காட்டி இரண்டு போல்ட்டையாவது அறுத்துவிடுவார். அதனால் டோர்க் ரென்ச் என் கைக்கு வந்தது. அளவு வைத்துத் திருப்பினால், போதும் என்ற இடத்தில் டிக் என்று சொல்லும் சாவி அது.

டிக். எதிரே போ. டிக். எனக்கு அந்தச் சத்தம் தாலாட்டாகிவிடும். சக்கரத்தைச் சுற்றி வர வர கடையும் ரோட்டும் லொறிச் சத்தமும் எங்கோ போய்விடும். பாதை இல்லாத மலைக்கு மேல், அரைக்கண் மூடிப் படுத்திருக்கும் ஒரு பெண் மட்டும் தெரிவாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு டிக்குக்கும் அவள் ஒரு முழம் கீழே வருவதாக எனக்குள் ஒரு எண்ணம். இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் அசையாமல் குந்தியிருப்பதைப் பார்த்து நானாவுக்குக் கவலை வந்துவிட்டது. "தங்கச்சி தூங்குறாங்களோ?" என்று சந்திரனிடம் கேட்டார். இவருடைய பதில்:

"ஆமாங்க நானா, தூங்குறா. கை மட்டும் தூங்காது, நீங்க பயப்படாதீங்க."

ஊசி இருக்கட்டும் பையில்

நானா முதலில் போனபோது பாதி வழியில் ஓடை பெருகியிருந்ததால் திரும்பிவிட்டார். இன்னொரு தடவை போனபோது ஒரு கூரான கல் டயரைக் கிழித்துவிட்டது. எப்படியோ உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகள் இன்னும் மேலேதான். அவருக்கு அவசரம், அந்த அவசரம் சந்திரனுக்கும் தொற்றிக்கொண்டது. டயரில் காற்றே இல்லை என்று நினைத்துக்கொண்டு வளையத்தின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

கிழிசலைச் சேறு அடைத்திருந்தது. உள்ளே கொஞ்சம் காற்று மிச்சம் இருந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, ஒரு பெருமூச்சு மாதிரிதான் கேட்டது. ஆனால் வளையம் ஒரு பக்கம் துள்ளி, இவர் காலுக்குப் பக்கத்தில் சிமெந்துத் தரையைக் கொத்தியது. முழுக் காற்று இருந்திருந்தால் இதை நான் இன்றைக்கு வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும். சந்திரன் கதிரையில் உட்கார்ந்து ஒரு போத்தல் தண்ணீரையும் குடித்து முடித்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. திட்டுவதற்கு வாயைத் திறக்க முன்னமே அவர் கையை உயர்த்தினார்.

"இனிமே வால்வு ஊசியக் கழட்டி, காத்து முழுக்கப் போக விட்டு, ஊசிய என் சட்டப் பையில போட்டுக்கிட்டுத்தான் போல்ட்டுல கை வைப்பேன், போதுமா?"

சக்கரமே சொல்லுது

நாவுலைக்கு இந்தப் பக்கம் பொலிஸ் சோதனை ஒன்று இருக்கும். புது டயர் போட்டுச் சரிபார்க்கப் போனபோது நானாவோடு நானும் இருந்தேன். தார் ரோட்டில் அந்தச் சக்கரங்கள் நடுங்கும். எவ்வளவு பாரம் வைத்து பெலன்ஸ் செய்தாலும் வேகம் கூடினால் ஸ்டியரிங் கையில் துடிக்கும். அப்படி நடுங்கிக்கொண்டே போய் ஒரு சார்ஜனின் கைக்கு முன்னால் நின்றோம். வயசான மனுசன், தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு ஜீப்பை ஒரு சுற்று வந்தார். இந்தச் சக்கரத்தோடு பொது ரோட்டில் ஓட்டக் கூடாது, அடுத்த தடவை கண்டால் ஜீப்பை இங்கேயே நிறுத்திவிடுவேன் என்றார். ஜீப் நின்றால் மகள் வரமாட்டாள்.

மகளைப் பற்றி நானா சிங்களத்தில் சொன்னதையெல்லாம் சார்ஜன் பொறுமையாகக் கேட்டார். மலையில் எதைப் பூட்டி ஓட்டினாலும் கேட்கமாட்டேன், தார் தொடங்கும் இடத்தில் சாதாரணச் சக்கரம் மாட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். இது உங்கள் சட்டம், மலைக்கு இது தெரியுமா என்று நானா கொஞ்சம் சூடாகிவிட்டார். சார்ஜன் கோபப்படவில்லை. குனிந்து, ரிம்மில் வார்த்திருந்த ஆங்கில எழுத்துகளின் மேல் இருந்த சேற்றை விரலால் துடைத்தார். ரோட்டுக்கு அல்ல, காட்டுக்கு மட்டும் என்று செய்தவர்களே எழுதியிருந்தார்கள். சிங்களத்தில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"நான் சொல்லல்ல ஐயா, உங்க சக்கரமே சொல்லுது."

ஆயுத பூசை

பூசைக்கு முந்தின மாலை ஜீப் மறுபடி கடைக்கு வந்தது. எல்லா போல்ட்டையும் நான் முறுக்கி முடித்துவிட்டுக் கோயிலுக்கு எண்ணெய் கொடுக்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் சந்திரன் ஒரு கெட்டிக்கார வேலை பார்த்திருக்கிறார். ஒவ்வொரு போல்ட்டிலிருந்தும் வளையத்துக்கு வெள்ளைப் பெயின்டால் ஒரு சின்னக் கோடு. போல்ட் தானாகத் திரும்பினால் கோடு முறிந்து காட்டிக் கொடுக்கும். செய்ததை என்னிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

மறுநாள் காலை பனிக்குள்ளே சாம்பிராணிப் புகை சுழல, நான் கடையில் இருந்த இரும்பு அத்தனையையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். எங்கிருந்து இவ்வளவு பெயின்ட் தெறித்தது என்று முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பின் சக்கரங்களையும் துடைத்துப் பளபளப்பாக்கினேன். பிறகு கம்ப்ரசருக்கும் ஜக்குக்கும் வைத்தது போல அதற்கும் சந்தனம். போல்ட்டுத் தலை சின்னது, பொட்டு நிற்கவில்லை. அதனால் விரலால் வளையம் வரைக்கும் இழுத்துவிட்டு, நடுவில் குங்குமம் வைத்தேன். நாலு சக்கரமும் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தன.

சந்திரன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். பெயின்ட் டின்னை எடுத்தால், முந்தின நாள் சரியாக மூடாததால் அது இறுகிக் கிடந்தது. அதற்குள் நானாவும் அவருடைய மனைவி, நான் அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடும் ரஹீமாவும் ஓட்டமாய் வந்துவிட்டார்கள். மகளுக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிட்டதாக மலையிலிருந்து போன் வந்திருந்தது. துடைக்கவும் நேரமில்லை, கோடு போடவும் நேரமில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு முஸ்லிம் மனுசரின் வண்டிக்கு, கேட்காமல், இப்படியா செய்வது? நானா ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, சக்கரத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தக் கோலத்துல ஜீப்பைப் பள்ளிவாசலுக்கு முன்னால எப்பிடி நிப்பாட்டுற?"

தார் தொடங்கும் இடம்

மலைப் பாதை தொடங்கும் வரைக்கும் ஜீப்புக்குச் சாதாரணச் சக்கரங்களைத்தான் பூட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு மாற்ற நேரமில்லை, நல்ல வேளையாகச் சோதனையும் இல்லை. அந்தச் சாதாரணச் சக்கரங்கள் நாலையும் எங்கள் குட்டி லொறியில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போய், தார் தொடங்கும் இடத்தில் நானும் சந்திரனும் காத்திருந்தோம். மழை இல்லாத நாள். மேகம் மலையை முழுக்க மறைத்திருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. மேகம் மெதுவாகப் பிரிந்து, அதற்குள்ளிருந்து ஜீப் சத்தமில்லாமல் இறங்கி வந்தது. காற்றுக் குறைந்த டயர்கள் ஒவ்வொரு கல்லையும் தடவிக்கொண்டு வந்தன.

பின்சீட்டில் தாயின் மடியில் தலை வைத்து நஸ்ரின் படுத்திருந்தாள். நான் நினைத்து வைத்திருந்த முகம் இல்லை, அதைவிடச் சின்னப் பிள்ளை. எங்கள் லொறியில் அவள் படுக்க இடமில்லை. சக்கரம் மாற்ற வேண்டாம், காற்றை ஏற்றிவிடுங்கள், இப்படியே போகிறேன் என்றார் நானா. பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டால் சார்ஜன் விட்டுவிடுவார் என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. காற்றுக் குழாயோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன்.

சந்தனம் பாதி சேற்றோடு போயிருந்தது. மிச்சம் காய்ந்து வெளுத்திருந்தது. அதில் அடுத்தடுத்து நாலைந்து கோடுகள் நடுவில் முறிந்திருந்தன. போல்ட்டில் இருந்த பாதி ஒரு பக்கம், வளையத்தில் இருந்த பாதி இன்னொரு பக்கம். விரலை வைத்தேன், போல்ட் ஆடியது. குறைந்த காற்றில் மலையிறங்கிவிட்டது. தார் ரோட்டுக்கென்று முழுக் காற்றையும் ஏற்றி வேகமாக ஓட்டினால் அந்த வளையம் என்ன செய்யும் என்று சந்திரனின் காலடியில் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். குழாயைக் கீழே போட்டுவிட்டு, முடியாது நானா, கழற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். நானா இறங்கி வந்து முறிந்த கோடுகளைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஜக்கைப் பிடித்தார்.

மகளை இறக்கத்தான் பார்த்தோம். அவள் அசைய மறுத்துவிட்டாள். கல்லுகளை முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு மூலையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினோம். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"மெதுவா, வாப்பா. இவ்வளவு நேரமும் மேகத்துல வந்த மாதிரி ஈந்திச்சி, இப்பதான் தரை தட்டுது."

பள்ளிவாசலுக்கு நடை

அன்று பின்னேரம் மாத்தளை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. செய்தி வந்தபோது நான் கழற்றிய வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தேய்ந்த போல்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, புதுசுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே அழுதேன். சந்தோஷ அழுகைதான். சந்திரன் அந்தப் பக்கம் திரும்பி, இறுகிப்போன பெயின்ட் டின்னைத் தேவையில்லாமல் கிண்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து நானா குடும்பத்தோடு வந்தார். ஜீப்பில் சாதாரணச் சக்கரங்கள். பாதை சரியாகும் வரைக்கும் மருமகன் வீட்டுக்கு மலையேற வேண்டும், பீட்லொக் நாலையும் தயார் பண்ணுங்கள் என்றார். சந்திரன் புது டின் பெயின்டை எடுத்து வைத்தார். நானா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அது வேணாம், நீங்க சந்தனமே பூசுங்க தங்கச்சி. பள்ளிவாசலுக்கு நான் நடந்து போறேன்."

டயர் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அன்று நினைத்தேன், ஆனால் பிள்ளையோடு அவர்கள் அன்றைக்கு எங்கள் வாசலில் நின்றதே முன்சக்கரம் பஞ்சராகித்தான்.