மூன்று பஸ் ஆரவாரம்

என் தம்பியைக் கெடுத்தது யார் என்று ஊரில் கேட்டால் கம்பெனி என்பார்கள். நானும் பல வருடம் ஆமாம் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். சரி, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவனைக் கெடுத்ததில் கம்பெனிக்குப் பாதி, எனக்குப் பாதி.

அப்போது நான் துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் சூளைப் பக்கம் வேலை பார்த்தேன். கம்பெனிக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. பக்கத்தில் இருந்த சிமெண்ட் கம்பெனிக்கும் ஒன்று. இரண்டு மேனேஜர்களுக்கும் அது மானப் பிரச்சினை. நல்ல ஆட்டக்காரன் எங்கே இருந்தாலும் விசா கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். விசாவில் ஹெல்பர் என்று அடித்திருக்கும். ஆனால் அரை நாள் ஸ்டோரில் உட்கார்ந்தால் போதும், மீதி நேரம் பிராக்டிஸ்.

ஆட்டம் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். கூட்டம் தானாக வருமா? ஆறு நாள் சூளைச் சூட்டில் வெந்தவன் ஏழாம் நாள் வெயிலில் நின்று எவனுக்காகவோ கைதட்டுவானா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அங்கே வார லீவு வெள்ளி என்பதால் சர்ச்சில் எங்கள் ஞாயிற்றுப் பூசையும் அன்றைக்குத்தான். நாங்கள் தங்கியிருந்த கேம்பிலிருந்து கோயிலுக்கும் டவுனுக்கும் போக கம்பெனி பஸ்ஸை விட்டால் வேறு கதி கிடையாது. அந்த பஸ் நேராக மைதானத்துக்குப் போகும். ஆட்டம் முடிந்த பிறகுதான் மாலைப் பூசை. கேம்பை மேய்க்கிற அதிகாரி, கேம்ப் பாஸ் என்போம், பஸ் படியில் நின்று பட்டியலில் டிக் போடுவார். மைதானத்தில் இறங்காதவனுக்கு அடுத்த வாரம் சீட் மாஃபி, கிடையாது.

இப்படி இழுத்துக்கொண்டு வரப்பட்ட கூட்டம் எப்படிக் கத்தும்? வாயில் கொழுக்கட்டையை வைத்தாற்போல உட்கார்ந்திருந்தது. ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் நான்தான் எழுந்து, கரைமடி வலை இழுக்கும்போது எங்கள் கடற்கரையில் போடுகிற கூப்பாட்டைப் போட்டேன். நான் ஏலேலோ என்றேன். நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் இருபது பேர் ஐலசா என்று ஏற்றார்கள். இரண்டு வாரத்தில் பெங்காளிகளும் பட்டாணியர்களும்கூட அர்த்தம் தெரியாமலே பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து கூட்டத்தைக் கத்த வைப்பது என் பொறுப்பாகிவிட்டது.

வாயை அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் தம்பி ஆட்டத்தைப் பார்த்தால் நீங்கள் இவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று கேம்ப் பாஸிடம் பெருமை பீற்றினேன். அவர் மேனேஜர் காதில் போட்டார். அடுத்த மாதமே தம்பிக்கு விசிட் விசா வந்துவிட்டது.

தம்பிக்கு அப்போது நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவன்தான். காலேஜ் திறக்க மூன்று வாரம் இருந்தது. சும்மா வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். அந்தச் 'சும்மா'வை நான் அப்போது நம்பினேனா என்று இப்போது சத்தியமாகத் தெரியவில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் கேம்ப் பாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், எல்லோரையும் பாய் என்பார்.

"பாய், நாளைக்கு மூணு பஸ் விடறேன். தம்பி பேரச் சொல்லிக் கத்தணும். அவன் நம்ம டீமுக்கு சைன் பண்ணினா உன் ஷிப்டுக்கு நீதான் மேஸ்திரி, சார்ஜ்ஹேண்ட் போஸ்ட் உனக்கு. கலாஸ், முடிஞ்சது."

நான் தலையாட்டினேன். அன்று ராத்திரி கேம்பில் ரூம் ரூமாகப் போய் தம்பியின் பெயரை எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் அவன் காலில் பந்து பட்டதும் நான் கூப்பாட்டைத் தொடங்கினேன். மூன்று பஸ் ஜனமும் அவன் பெயரைச் சொல்லி ஏற்றது. பந்தை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் ஆடினான் பாருங்கள் ஓர் ஆட்டம். சிமெண்ட் கம்பெனிக்காரர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, எனக்க பேரு இவ்வளவு பேருக்கு எப்படித் தெரியும்?"

"நீ ஆடுனதப் பாத்துட்டுத்தாம்லே."

"காலேஜ்ல செலக்ஷனுக்குப் போனப்ப ரெண்டு மாஸ்டரும் மேஞ்சிட்டிருந்த ஒரு பசுவும்தான் பாத்துது" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இங்கயே நிக்கேன் அண்ணே" என்றான்.

ஃபோன் கார்டு வாங்கி அம்மாவைக் கூப்பிட்டோம். அம்மா அழுதாள். நீ என்னலே சொல்லுத என்று என்னைக் கேட்டாள். வேண்டாம், அவன் படிக்கட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். "அவனுக்க இஷ்டம்" என்றேன்.

அவன் கையெழுத்துப் போட்டான். எனக்கு மஞ்சள் ஹெல்மெட் போய் மேஸ்திரியின் வெள்ளை ஹெல்மெட் வந்தது.

இரண்டு சீசன் ராஜாபோல ஆடினான். அப்புறம் துபாயில் கட்டட வேலையெல்லாம் படுத்து, கிரேன்கள் அப்படியப்படியே நின்றுபோன வருடம் வந்தது. டைல்ஸ் வாங்க ஆள் இல்லை. மேனேஜர் ஊருக்குப் போய்விட்டார், டீமைக் கலைத்துவிட்டார்கள். விசாவில் என்ன போட்டிருந்ததோ அந்த வேலைக்கே தம்பியை அனுப்பினார்கள். வந்து சேர்ந்த இடம் சூளை, என் ஷிப்ட். டைல்ஸ் வண்டி தள்ளினான். ஷிப்டில் எல்லோரும் என்னை சார் என்பார்கள். அவன் மட்டும் "அண்ணே, இந்த வண்டிய எங்க விட?" என்பான். அந்த அண்ணே இருந்ததால் நான் ராத்திரி தூங்கினேன்.

ஆட்டம் நின்றதால் பஸ் நேராகக் கோயிலுக்கே போனது. ஆனாலும் கேம்ப் பாஸ் பட்டியலை விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தம்பி அவரிடம், "இப்பவும் எதுக்கு டிக்கு?" என்று கேட்டான்.

"பழக்கம்தான். உன் முதல் மேட்ச்சுக்கு மூணு பஸ்ஸுக்கும் டிக் போட்டுக் கை வலிச்சது. உன் பேரு எவனுக்கும் வாயில் வரல்ல. உன் அண்ணன்தான் ராத்திரி ரூம் ரூமாப் போய்ச் சொல்லிக் கொடுத்தான். சும்மாவா சார்ஜ்ஹேண்ட் ஆக்கினோம்?"

பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னார், பாவி.

கோயில் வாசலில் இறங்கும்போது தம்பி என்னிடம் கேட்டான். "அவனுவ எல்லாம் ட்யூட்டிக்குக் கத்துனானுவ. நீ?"

"நான் மனசாரத்தான் கத்துனேன்" என்றேன். அது உண்மை. மீதி உண்மை அவனுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

மறுநாள் ஷிப்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "சார், இத எங்க விட?" என்றான். கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று நினைத்தேன். மாதங்கள் போயின. ரூமிலும் சார், கோயிலிலும் சார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் ஒன்றாக லீவில் ஊருக்குப் போனோம். அம்மா பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறினாள். என் தட்டு காலியாவதைத் தம்பிதான் முதலில் பார்த்தான்.

"அம்மா, சாருக்கு இன்னொரு துண்டு மீன் வையி" என்றான்.

அண்ணனைக் கேலி செய்கிறான் என்று நினைத்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினேன்.