நகம் தேய்க்கும் மெஷினும் என் சின்னவனும்

துரத்தினார்களாம்! யார், யாரைத் துரத்தியது?

கீழ்வீட்டு அம்மா தன் கண்ணாலேயே பார்த்தாளாம். என் சின்னவன் வீட்டுப் பனியனோடு நாயைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கினானாம். மேலே வாசலில் நின்று பெரியவன் "டேய்! டேய்!" என்று கத்தினானாம். நாய் நகம் தேய்க்கிற மெஷினுக்காக அண்ணன்காரன் தம்பியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டான் என்று அவளே முடிச்சுப் போட்டு, தெருமுனைக் கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அவள் பார்த்தது பொய்யில்லை. பாதிப் படியில் நின்று பார்த்தாள், பாதியைத்தான் பார்த்தாள். மீதிப் பாதியை அவள் வாய் போட்டு நிரப்பிக்கொண்டது. முழுசாகக் கேட்க ஆசையிருந்தால் என்னைக் கேளுங்கள். இரண்டு பேரையும் பெற்றவள் நான்.

என் சின்னவன் பஸ் டிரைவர். "டிரைவராக இருந்தான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். லைசென்ஸ் இன்னும் அவன் பையில்தான் இருக்கிறது. ஒருநாள் காலையில், ஆபீஸ் கூட்டம் படி வரைக்கும் தொங்கிக்கொண்டு போகும் வண்டியில், பாலத்து ஏற்றத்தில் அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியிருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டான். ஒரு சைக்கிளைக்கூட இடிக்கவில்லை. ஆனாலும் குடித்திருந்தான் என்றது ஒரு வாய். கேஸ் இருக்கிறது, ஒளிந்திருக்கிறான் என்றது இன்னொரு வாய். டாக்டர் கம்பிகளை ஒட்டிப் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றுமில்லை என்றார். என்ன ஒன்றுமில்லை? ஒன்றுமில்லாததற்குத்தான் மருந்து கிடைக்க மாட்டேன் என்கிறது.

அதற்கப்புறம் அவன் வாசலைத் தாண்டவில்லை. செருப்பை மாட்டுவான். கதவுக் கொண்டியில் கை வைப்பான். உதடு வெளுத்துப்போகும். செருப்பைக் கழற்றிவிடுவான்.

சும்மா உட்கார்ந்து தின்றான் என்று பேசுகிறார்களே, உட்கார்ந்தானா அவன்? சமையலறையிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து சமையலறை, நாள் முழுக்க அதே ரூட். ஒழுகாத குழாயை முறுக்குவான். கத்தாத கதவுக்கு எண்ணெய் விடுவான். ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து மாட்டினான், அது நின்றுவிட்டது. நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தாலும் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும். "தம்பி, பிரேக்கை விடுங்க, வீடு எங்கயும் போகாது" என்பாள் என் மருமகள், பெரியவன் பெண்டாட்டி. சிரிப்பான். கால் மட்டும் நிற்காது.

அவன் பின்னாலேயே பூதம். பெயர்தான் பூதம், முழங்கால் உயரம்கூட இல்லாத சடைமுடி நாய். டிப்போவில் ஓடாத பஸ்ஸுக்கு அடியில் பிறந்ததைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நடை, வந்தபிறகு ஒரு நடை. அவன் போகாவிட்டால் அதுவும் போகாது. மருமகள் கயிற்றைப் பிடித்து எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தாள். வாசலில் அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்துவிடும். பால்கனியிலேயே அதன் எல்லா வேலையும் முடிந்தது.

அப்படியே இருக்க நகம் வளர்ந்தது. கொக்கி மாதிரி வளைந்து, டைல்ஸ் தரையில் டக் டக் என்று கேட்கும். திரும்பினால் கால் நாலு பக்கமும் விரிந்து வழுக்கும். ஒருநாள் வெந்நீர்ப் பாத்திரத்தோடு மருமகள் வர, இது வழுக்கிப் போய் அவள் காலில் விழ, வெந்நீர் கொட்டி அவள் பாதம் கொப்பளித்துவிட்டது. பெரியவனுக்கு வந்ததே கோபம்! அவன் கதவு ஜன்னல் செய்கிற பட்டறையில் மேஸ்திரி. அங்கே மரம் கொண்டுவரும் மரக்கடைக்காரருக்கு ஊருக்கு வெளியே தோட்டம் இருந்தது.

"அவர்கிட்ட சொல்லிட்டேன்மா. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து நாயைக் கூட்டிட்டுப் போறேன்னாரு. மண் தரையில சுகமா இருக்கும்" என்றான்.

சின்னவன் நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டான். "நகம்தானேண்ணே பிரச்சினை? நகத்தைக் குறைச்சுடறேன். அவனை அனுப்பாத."

"குறைச்சுக் காட்டு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்."

சொல்வது சுலபம். பூதத்துக்குக் கறுப்பு நகம். உள்ளே ரத்த நரம்பு எது வரைக்கும் ஓடுகிறது என்று வெளியே தெரியாது. முன்பு ஒருமுறை கட்டரால் வெட்டப் போய் நரம்பில் பட்டு, வீடெல்லாம் ரத்தக் கோலம். அதிலிருந்து கட்டரைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். நாய் டாக்டரை வீட்டுக்கு வரவழைக்க ஆகும் செலவை அண்ணனிடம் கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. அப்போதுதான் நகம் தேய்க்கும் கிரைண்டர் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தான். கிரைண்டர் என்றதும், நாய்க்கு எதை அரைத்துப் போடப் போகிறான் என்று நான் பயந்துபோனேன். பேனா மாதிரி இருக்குமாம். நுனியில் சொரசொரப்பான ஒரு உருளை சுற்றி, நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாக்குமாம்.

பெரியவன் விடுவானா? "இதுக்குப் போய் காசா?" என்று பட்டறையிலிருந்து மரம் தேய்க்கும் மெஷினைத் தூக்கிவந்தான். சுவிட்சைப் போட்டான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பூதம் எங்கே போனது என்று தேடிப் பிடிக்கவே வெகுநேரம் ஆனது. துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் இருந்தது.

"இதை வச்சு நாயைத் தேய்க்கலாம், நகத்தைத் தேய்க்க முடியாது" என்றாள் மருமகள், கொப்பளித்த காலைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அதற்குமேல் சின்னவன் ஒரு வேலை செய்தான். கடைக்குப் போக முடியாதல்லவா? போனை எடுத்து ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டான். "உங்ககிட்ட இருக்கற நகம் தேய்க்கிற மெஷினைக் கொஞ்சம் ஆன் பண்ணுங்க" என்பான். போனை நாயின் காதுக்குப் பக்கத்தில் பிடிப்பான். காதை மடக்கி ஓடினால் அந்த மெஷின் வேண்டாம். பாதிக் கடைக்காரர்கள் போனை வைத்துவிட்டார்கள். ஒருத்தர் "சார், பேசறது நாயா, நீங்களா?" என்றே கேட்டார்.

ஒரு கடையில் மட்டும் ஒரு பெண் பொறுமையாக, ஒன்று மாற்றி ஒன்றாக எல்லாவற்றையும் ஓடவிட்டாள். ஒரு சத்தத்துக்கு நாய் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றது.

"இது எது தங்கச்சி? விலை அதிகமா?"

"இல்லண்ணே, இருக்கறதுல கீழ இருந்து ரெண்டாவது. ரொம்ப மலிவா இருக்கறது கையில பிடிச்சா உதறும், நாய்க்கு அதுவே பயம். விலை கூடினதுல லைட் எரியும், டப்பா அழகா இருக்கும், அவ்வளவுதான். இதுல ரெண்டு வேகம் இருக்கு. உருளை தேஞ்சா தனியா மாத்திக்கலாம். சார்ஜ் போட்டுக்கலாம்."

"முதல் கியர்லயே ஓட்டலாமா?"

"ஓட்டுங்க. நீங்க என்ன, டிரைவரா?"

இவன் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "ஆமா" என்றான். அந்த "ஆமா"வைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது எனக்கு!

மெஷின் வந்தது. நாயின் மேல் உடனே வைக்கவில்லை. முதலில் தன் கட்டைவிரல் நகத்தில் தேய்த்தான். அப்புறம் என் காலைப் பிடித்துக்கொண்டான். "அசையாதம்மா." ஒரு நிமிஷத்துக்குள் என் நகம் சுட்டது. "அடேய், எரியுதுடா, நான் என்ன நாயா?" என்று காலை இழுத்தேன். "அதான் பாத்தேன். தொட்டுத் தொட்டு எடுக்கணும், அழுத்தி வைக்கக் கூடாது" என்றான். பெற்ற தாயைச் சோதனைக்கு வைத்தவன் உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

பூதத்துக்கு முதல்நாள் மெஷினை ஓடவிட்டு பிஸ்கட். மறுநாள் ஓடாத மெஷினால் காலைத் தொட்டு பிஸ்கட். அப்புறம்தான் ஒரு நகம். தேய்க்க ஆரம்பித்ததும் பாதத்துச் சடைமுடி உருளையில் சுற்றிக்கொண்டு இழுத்தது. நாய் வீல் என்று அலறியது. இவன் முகம் செத்துவிட்டது. மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு பால்கனி, சமையலறை, பால்கனி.

மறுபடி அந்தக் கடைப் பெண்ணுக்கே போன். பழைய நைலான் காலுறையைப் பாதத்தில் மாட்டி, நகத்தை மட்டும் குத்தி வெளியே எடுத்துவிட்டால் முடி உள்ளேயே அடங்கிவிடும் என்றாள். காலுறை வீட்டில் யாரிடம் இருக்கிறது? மருமகளிடம். வேலைக்குப் போகையில் போடுவாள். இவன் எப்படிக் கேட்பான்? கேட்காமல் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அவளே அலமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து வீசினாள்.

"இந்தாங்க. என் காலைச் சுட்ட நாய்க்கு என் காலுறை. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல!"

"அண்ணி..."

"பேசாம தேய்ங்க தம்பி. ஞாயித்துக்கிழமை வந்துடும்."

தேய்த்தான். பூதம் அவன் மடியில் மல்லாந்து, ஒரு காலில் காலுறையோடு கல்யாணப்பெண் மாதிரி கிடந்தது. வெள்ளைப் பொடி பறந்தது. நகத்தின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுவான். அதற்குமேல் போனால் நரம்பு. எல்லாக் காலும் முடிந்தது. ஒரு சொட்டு ரத்தமில்லை. மடியிலிருந்து இறக்கிவிட்டான்.

டக் டக்.

சத்தம் குறைந்திருந்தது, போகவில்லை. திரும்புகிற இடத்தில் கால் இன்னும் வழுக்கியது. நகத்தோடு சேர்ந்து நரம்பும் நீண்டிருந்தால் ஒரே தடவையில் எப்படிக் குறையும்? அன்றைக்குச் சனிக்கிழமை. அந்தக் கடைப் பெண்ணை மறுபடி கூப்பிட்டான்.

"மெஷின் நல்ல மெஷின்தான் தங்கச்சி. ஆனா இன்னும் நீளமா இருக்கு."

"வாராவாரம் கொஞ்சம் தேய்ச்சீங்கன்னா நரம்பு தானா உள்ள போயிடும்ணே. அவசரப்படாதீங்க. ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு வளந்திருக்கே, அவன் ரோட்டுல நடக்கறதே இல்லையா?"

இவன் கதவுக் கொண்டியைப் பார்த்தான்.

"தினம் நடந்தா பாதி வேலையை ரோடே பாத்துக்கும்ணே. அதைவிட மலிவான மெஷின் என் கடையில இல்ல."

போனை வைத்தபிறகும் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தான். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. "நான் நின்னதால அவனும் நின்னுட்டான்மா" என்றான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மரக்கடைக்காரர் வந்தார். நல்ல மனுஷர், குற்றம் சொல்ல மாட்டேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சின்னவன் பால்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், வலது கால் தரையை அமுக்கியபடியே. பெரியவன் கயிற்றை மாட்டி அவர் கையில் கொடுத்தான். அவனுக்கும் முகம் சரியில்லை. தம்பியின் பக்கம் திரும்பாமலே கொடுத்தான்.

"வாடா ராஜா" என்று அவர் இழுத்தார். பூதம் உட்கார்ந்துகொண்டது. மறுபடி இழுத்தார். உட்கார்ந்தபடியே டைல்ஸில் சறுக்கிக்கொண்டு வந்தது. நாலு காலையும் ஊன்றி நகத்தால் தரையைப் பிறாண்டியது. கிரீச் என்று அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தலை மட்டும் பால்கனிப் பக்கம் திரும்பியிருந்தது.

"நடக்கவே மாட்டேங்குதே. கால்ல ஏதாவது கோளாறா?" என்றார் அவர்.

"கோளாறு அவன் கால்ல இல்லைங்க" என்றான் சின்னவன். எப்போது உள்ளே வந்தான் என்றே தெரியவில்லை. "கயித்தைக் குடுங்க. நான் நடத்திக் காட்டறேன்."

அவர் கயிற்றைக் கொடுத்தார். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கீழே பார்க்காமலே செருப்பில் காலை நுழைத்தான். கொண்டியில் கை வைத்தான். உதடு வெளுத்தது. எனக்குத் தெரியும் அந்த வெளுப்பு. கழற்றிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பூதம் எழுந்து, வாசற்படிக்கு அந்தப் பக்கம் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு, திரும்பி அவனைப் பார்த்தது.

அவன் கதவை முழுசாகத் திறந்தான். நெற்றி வேர்வை மூக்கில் சொட்டியது. பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கு யாரிடமும் ஒன்றும் சொல்லாதவன், என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"வரேன்மா" என்றான்.

படியில் டக் டக் என்று நகச் சத்தமும், கூடவே செருப்புச் சத்தமும் இறங்கின. அப்போதுதான் பெரியவன் வாசலைப் பார்த்துவிட்டு ஓடினான். கைப்பிடிச் சுவரில் குனிந்து, கண்ணில் நீரோடு, தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"டேய்! டேய்! ஒரு கால்ல என் செருப்புடா!"

கீழ்வீட்டு அம்மா பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். என் சின்னவன் அவளைத் தாண்டி இறங்கிப் போனான்.