மாமா எழுதிய கடிதங்கள்

என் மாமாவின் பெயர் அந்த நாட்களில் மாதத்துக்கு ஒரு முறையாவது நாளிதழில் வந்துவிடும். 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதியில், கீழே, பெயருக்குப் பக்கத்தில் 'தென்காசி' என்று போட்டிருக்கும். குற்றாலத்தில் பெண்கள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, சுரண்டை பேருந்து மாலையில் பெண்கள் பள்ளி முன்னால் நிற்பதில்லை, சாரல் விழா மேடையில் நாதஸ்வரத்தைப் பாதியில் நிறுத்தி வரவேற்புரை வாசித்தார்கள், இப்படி. கூட்டுறவுப் பண்டகசாலையில் எடை போட்டுக்கொண்டிருந்த மாமாவைத் தெருவில் 'பேப்பர் அண்ணாச்சி' என்றார்கள். அந்தப் பெயர் வந்த பிறகுதான் அவருடைய நடையே மாறியது என்பாள் அம்மா.

கடிதங்களை எழுதியது அத்தை. மத்தியானம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்பாள். பிறகு நல்ல தாளில் பிரதி எடுத்து, கீழே மாமாவின் பெயரைப் போடுவாள். எனக்கு அதில் விசேஷம் எதுவும் தெரியவில்லை. மாமாவின் சட்டைக்குப் பொத்தான் தைப்பது போல இதுவும் அத்தையின் வேலை என்று நினைத்திருந்தேன்.

நான் ஐந்தாவது படித்தபோது எங்கள் பள்ளியில் 'பழைய நாளிதழ்களில் நம் ஊர்' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். தலைமையாசிரியை மாமாவிடம் வெட்டி வைத்த செய்திகளைக் கேட்டனுப்பினார். கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டி எங்கள் வகுப்புக்கு வந்தது. சமூகம், கல்வி, கலை என்று மூன்று சார்ட். பசை தடவி ஒட்டும் வேலை எனக்கு. ஒட்டி முடித்தும் நிறைய இடம் காலியாகக் கிடந்தது. பெட்டியின் அடியில் அத்தையின் காலண்டர் தாள்கள் இருந்தன. எழுத்து அழகாக இருக்கிறதே என்று, ஒவ்வொரு கடிதத்துக்குக் கீழேயும் அதன் காலண்டர் தாளைத் தேடி ஒட்டிவிட்டேன்.

கண்காட்சியன்று மாமா சலவை வேட்டியில் அத்தையோடு வந்தார். அவருக்குச் சால்வை போடுவதாக ஏற்பாடு. சார்ட்டைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். தலைமையாசிரியை அருவிக் கடிதத்தை விரலால் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தார். காலண்டர் தாளில் 'ஈரச் சேலையோடு நாங்கள் நிற்கிறோம்' என்று இருந்தது. 'நாங்கள்' அடிக்கப்பட்டு, மேலே 'பெண்கள்' என்று எழுதி, 'நிற்கிறோம்' என்பதும் 'நிற்கிறார்கள்' என்று திருத்தப்பட்டிருந்தது. அவர் விரல் அந்த இடத்திலேயே நின்றது.

"இது யார் எழுத்து சார்?"

மாமா வாயைத் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டாள். "எம் எழுத்துதான் டீச்சர். இவிய சொல்லுவாவ, நான் எழுதுவேன். இவிய எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

"இல்ல டீச்சர், அத்ததான்..." என்று ஆரம்பித்தேன். அத்தையின் கை என் தோளை அழுத்தியது. தலைமையாசிரியை மாமாவையும் அத்தையையும் ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போனார்.

மாமாவுக்குச் சால்வை போட்டார்கள். பேசச் சொன்னபோது "வணக்கம், நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். நான் கெடுத்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது. எதைக் கெடுத்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அத்தை, எங்கள் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி முடித்திருந்தாள். மாமா தாளை வாங்கி, அடியில் இருந்த தன் பெயரை அடித்துவிட்டு, கோணல்மாணலாக அத்தையின் பெயரை எழுதினார்.

"என்னத்துக்கு இது?" என்றாள் அத்தை.

"இனிமே எம்பேர இதுல இழுக்காத," என்றார் மாமா, அவள் முகத்தைப் பார்க்காமல். என்னிடம் நீட்டி, "ஏட்டி, போய் தபால்ல போடு," என்றார்.

நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். மாமா அத்தையிடம் சண்டை போட்டுவிட்டார், பெயரைத் தரமாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். அம்மா என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

கடிதம் வெளிவரப் பல வாரம் ஆயிற்று. வந்த அன்று காலையில் மாமா ஐந்து பிரதிகள் வாங்கினார். டீக்கடையில் ஒன்று, பண்டகசாலையில் ஒன்று, முடிதிருத்தும் கடையில் ஒன்று என்று அந்தப் பக்கத்தை மேலே மடித்து வைத்துவிட்டு, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திப் பெயரை விரல் வைத்துக் காட்டினார். நானும் பின்னாலேயே போனேன். கடிதம் தன்னுடையதல்ல என்று ஊருக்கு நிரூபிக்கத்தான் மாமா இப்படி வெயிலில் அலைகிறார் என்று நினைத்துக்கொண்டு, அத்தைக்காக மனதுக்குள் மிகவும் வருத்தப்பட்டேன்.