பூனை படுக்காத கேபின்

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் கூட்டாளி, அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், உறவு ஒன்றும் கிடையாது. கேம்ப் ஃபோர்மேன், மலையாளி. எலக்ட்ரீஷியன், பாகிஸ்தான்காரர். பாத்ரூம் கழுவும் வங்காளி. கேபினுக்குள் நைட் டூட்டி முடித்துவிட்டுத் தூங்கிய ஆறு பேர்.

ஷார்ஜாவைத் தாண்டி மணலில் ஒரு லேபர் கேம்ப். ஆகஸ்ட் மாதம். காலை பத்து மணி.

எங்கள் கேம்பில் எல்லாம் போர்ட்டா கேபின். தகரப் பெட்டி மாதிரி இருக்கும். தரையில் உட்காராது. கான்கிரீட் கட்டைகளை அடுக்கி அதன் மேல் தூக்கி வைத்திருப்பார்கள். கீழே இரண்டடிச் சந்து. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கரண்ட் கேபிள் எல்லாம் அந்தச் சந்தில்தான் ஓடும். சந்தைச் சுற்றித் தகரம் அடித்து மூடியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு. கீழே எது கெட்டாலும் பிளம்பர் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும்.

நாங்கள் இருவரும் பிளம்பர். நான் தடித்தவன், தோளே அந்தக் கதவில் நுழையாது. அவன் ஒல்லி. அதனால் ஆறு வருடமாக வேலை இப்படிப் பிரிந்தது. நான் வெளியே சுற்றிப் பார்ப்பேன். அவன் நுழைவான். நான் போ என்று சொல்லாமல் அவன் தலையை உள்ளே விட்டதில்லை.

"வயித்த ஊருக்கு பார்சல் போட்டுரு மாமா. அப்பறம் நீ உள்ள போ. நான் கைய கட்டிக்கிட்டு சுத்தி வர்றேன்" என்பான்.

சுற்றி வருவது என்றால் சும்மா நடப்பது இல்லை. எனக்கு ஆறாவதுக்கு மேல் படிப்பு கிடையாது. ஆனால் ஒரு கேபினை ஒரு சுற்று வந்தால் கீழே என்ன கிடக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன்.

முதலில் மணல். ஏசி தண்ணீர் சொட்டினால் குழாய்க்கு நேர் கீழே சின்னக் குழி விழும். சுற்றி ஒரு சாண் ஈரம், அவ்வளவுதான். குழாய் உடைந்த ஈரம் அப்படி இல்லை. தகரத்துக்கு அடியிலிருந்து வெளியே பரவும். ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். உச்சி வெயிலிலும் காயாது.

பிறகு புல். மழை பெய்யாத ஊரில் தகரத்தின் ஓரம் பச்சை தெரிந்தால் பல நாளாகத் தண்ணீர் ஒழுகுகிறது. ஒருமுறை சமையல் கேபின் பின்னால் தக்காளிச் செடியே நின்றது. தொட்டிக் குழாய் உடைந்து மாதக்கணக்காக ஒழுகியிருக்கிறது. சமையல்காரர் புகார் சொல்லவில்லை. காய் பறித்து ரசம் வைத்துக்கொண்டிருந்தார். குழாயை ஒட்டியதும் செடி வாடிவிட்டது. சமையல்காரர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஈ ஒரே ஓட்டையில் போய் வந்தால் உள்ளே கழிவு. முட்டை அழுகிய நாற்றம் என்றால் கதவைத் திறந்து போட்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் போகக்கூடாது. கேபின் கதவு இடித்தால் மூலைக் கட்டை இறங்கியிருக்கிறது, ஜாக்கி இல்லாமல் நுழையக்கூடாது. இப்படி இன்னும் சில.

கடைசியாக ஸ்பானரால் தகரத்தை மூன்று தட்டு தட்டுவேன். பூனைக்காக. வெயில் காலத்தில் கேம்ப் பூனைகள் எல்லாம் கேபின் அடியில்தான் படுக்கும். தட்டினால் ஓடிவிடும். ஆள் ஊர்ந்து போகும்போது முகத்தில் பாய்ந்தால் கண் போய்விடும்.

கரண்ட் விஷயம் தனி. கீழே குழாய் ஒழுகல் என்று தெரிந்தால் அந்தக் கேபினின் பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆனால் பகலில் நைட் டூட்டிக்காரர்கள் தூங்குவார்கள். ஆகஸ்டில் ஏசி நின்றால் ஐந்து நிமிடத்தில் தகரம் அடுப்பாகிவிடும். எழுந்து வந்து சண்டை போடுவார்கள். அவர்கள் சண்டையிலும் நியாயம் உண்டு. அதனால் ஏசி தண்ணீர் மட்டும்தான் என்றால் பிரேக்கரைத் தொடமாட்டோம். எது எந்தத் தண்ணீர் என்று சொல்வது என் வேலை.

அன்றைக்குப் புகார் பாத்ரூம் அடைப்பு. கழிவுக் குழாயின் மூட்டைக் கழற்றினால் போதும். அரை மணி வேலை. ஃபோர்மேன் சீட்டைக் கொடுத்தார். வெயில் நேரத்தில் வேலை செய்யக்கூடாது என்ற மதியத் தடைக்கு முன்னால் இன்னும் மூன்று கேபின் முடிக்க வேண்டும் என்றார்.

நான் சுற்றினேன். வடக்குப் பக்கம் தகரத்தின் கீழ் மணல் ஈரமாக இருந்தது. குனிந்து பார்க்கவில்லை. நின்றபடியே பார்த்தேன். ஏசி தெற்குப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் வடக்கில். இரண்டையும் பார்த்தேன். சேர்த்து நினைக்கவில்லை.

தகரத்தில் மூன்று தட்டினேன். ஒரு பூனையும் வரவில்லை. அந்தக் கேபின் வாசலில்தான் வங்காளி தினமும் மீன் முள் போடுவான். பூனைகள் எதிர்க் கேபின் அடியில் படுத்திருந்தன. நான் நினைத்தது, நல்லதாகப் போயிற்று, தொல்லை இல்லை என்று.

குளிர்ந்த ஈர மணலை விட்டுவிட்டு ஆகஸ்டில் பூனை ஏன் காய்ந்த மணலில் படுக்கிறது? அதை அன்றைக்கு யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அதைத்தான் யோசிக்கிறேன்.

மாப்பிள்ளை சின்னக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைத் திருப்பினான்.

"ஈரமா இருக்கு போல. பிரேக்கர இறக்கச் சொல்லவா மாமா?"

"வேணாம். ஏசி தண்ணிதான். போ."

ஃபோர்மேனுக்கு அனுப்பக் கதவை ஒரு போட்டோ எடுத்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஊர்ந்து போனான்.

வழக்கமாக நான் கதவுப் பக்கம் குந்தி இருப்பேன். அவன் குழாயில் தட்டுவான், நான் தகரத்தில் தட்டுவேன். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். அன்று டீ வாங்கப் போனேன். கேண்டீனில் கூட்டம். இரண்டு டீயோடு வந்து கதவில் குனிந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. தகரத்தில் தட்டினேன். பதில் இல்லை. டார்ச் அடித்தேன். பாதம் தெரிந்தது. காலைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினேன். பின்னால் வங்காளி என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். "கரண்ட் பாய், கரண்ட்" என்றான். அவன் இழுக்காவிட்டால் நானும் இல்லை.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் அடித்தேன். அவர் ஓடிவந்து மெயினையே இறக்கினார். பிறகு இழுத்தோம். நெஞ்சை அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. தூங்கிய ஆறு பேரும் வெளியே வந்து நின்றார்கள். ஏசி நின்றதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கீழே ஒரு பழைய கேபிளில் தோல் உரிந்து ஈர மணலில் கிடந்திருக்கிறது. தானாக விழ வேண்டிய பிரேக்கர் விழவில்லை. பிறகு தெரிந்தது இது.

போலீஸ் வந்தது. ஃபோர்மேன் பேசினார். ஆள் பிரேக்கரை இறக்கச் சொல்லாமல் நுழைந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். அது பொய் இல்லை. அவன் யாரிடமும் இறக்கச் சொல்லவில்லை. கேட்டது என்னிடம் மட்டும். என்னைக் கேட்டபோது நான் வெளியே இருந்தேன் என்றேன். அதுவும் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அவன் உடல் வைத்த பெட்டி ஊருக்குப் போக ஒன்பது நாள் ஆயிற்று.

பிறகு கம்பெனியில் ஒரு பிலிப்பைன்ஸ் சேஃப்டி ஆபீசர் வந்தார். நுழையும் முன் வெளியே என்னென்ன பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். மணல், உப்பு, புல், ஈ, நாற்றம், கதவு. பூனையையும் எழுதச் சொன்னேன். சிரித்தார். எழுதவில்லை. அந்தத் தாள் இப்போது நாலு மொழியில் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. எல்லாக் கேபினிலும் முதலில் பிரேக்கரை இறக்குகிறார்கள். தூங்குகிறவர்கள் எழுந்து வெளியே நிற்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளையின் மனைவி போன் செய்தது. லீவு நாள். நான் ஷார்ஜாவில் ரோலா கடைத்தெருவில் சோப்பு வாங்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைச் சொன்னது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றது.

"இங்க எல்லாரும் அவரு கவனமில்லாமப் போயிட்டாருன்னு பேசுறாங்கண்ணே. கம்பெனிக் காயிதத்துலயும் அப்படித்தான் இருக்காம். பெரியவன் அதைக் கேட்டுட்டு வந்து, அப்பா அப்படியாம்மாங்குறான். கேஸ் அடுப்ப மூணு தடவ பாத்துட்டுப் படுக்குற மனுசன்ணே அவரு."

ஆமாம் என்றேன்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல. நீங்க சொல்லுங்க."

ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். போலீஸ் கேட்டபோது இப்படிக் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

"அவன் கவனமாத்தான் இருந்தான்மா. பிரேக்கர இறக்கவான்னு என்கிட்ட கேட்டான். நான்தான் வேணாம்னேன். ஏசி தண்ணின்னு சொல்லிட்டேன். என் பேச்ச நம்பித்தான் போனான்."

பையனிடமும் இப்படியே சொல்லச் சொன்னேன். என் மேல்தான் தப்பு என்று சொல்லச் சொன்னேன். கம்பெனியிலும் போய் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். மறுநாள் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

போனில் என்னைத் திட்டும் என்று இருந்தேன். திட்டவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும்ணே. உடனே உசுரு போயிருச்சுன்னாங்க கம்பெனில. நீங்க உடனே பாத்துட்டீங்களா? எம்புட்டு நேரம் கெடந்தாரு அங்க?"

உடனே என்று சொல்லியிருக்கலாம். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் அது அவர்கள் சொல்வது. நான் டீ வாங்கப் போனதைச் சொன்னேன். கூட்டம் இருந்ததைச் சொன்னேன். அவன் எடுத்த போட்டோவில் நேரம் இருக்கிறது. எலக்ட்ரீஷியனுக்கு நான் அடித்த போனிலும் நேரம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

"சொல்லுங்கண்ணே."

பதினேழு நிமிடம் என்றேன்.